வீடு மாறலாம், பள்ளிக்கூடம் நிற்கலாமா?

ஒரு குடிசையைப் பிரித்து, சாமான்களை லாரியில் ஏற்ற ஒரு மணி நேரம் போதும்.

பாய் ஏறும். தண்ணீர்க் குடம் ஏறும். அடுப்பு ஏறும். பாட்டியும் கைக்குழந்தையும் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொள்ளுவார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் லாரியில் ஏறாது!

அது பழைய இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் தூரம் விழுந்துவிடும்.

சென்னை நகரில் 25 ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றுவது நல்லதா, கெட்டதா என்று பெரியவர்கள் வாதம் செய்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகிறார்கள். சட்டசபையில் பேசுகிறார்கள். ஆனால், அந்தக் குடிசையில் இருந்த பிள்ளை மறுநாள் காலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கே போனார்கள்?

அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் ஆகிய மூன்றின் கரைகளிலும் ஏழைக் குடும்பங்கள் பல காலமாகக் குடியிருந்தன. ஆற்று நாற்றத்தை விரும்பி அவர்கள் அங்கே போகவில்லை. வேலை பக்கத்தில் இருந்தது. அதனால் அங்கே குடிசை போட்டார்கள்.

மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் துலக்குகிற அம்மா, தியாகராய நகர்க் கடைகளில் மூட்டை இறக்குகிற அப்பா, அடையாறில் மாடி வீடு கட்டுகிற கொத்தனார், சித்தாள் எல்லோரும் நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்தார்கள்.

2000-ம் ஆண்டு முதல் இவர்களில் பலர், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடிவைக்கப்பட்டார்கள். முதலில் வந்தது துரைப்பாக்கம் கண்ணகி நகர். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்தது. அதன் பிறகு கடலோரக் குப்பங்களில் இருந்த பலர் செம்மஞ்சேரிக்குப் போனார்கள். அடுத்து வந்தது பெரும்பாக்கம்.

கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். ஒரு சிறிய நகரமே அங்கே எழுந்துவிட்டது! ஆனால், வீடுகள் எழுந்த வேகத்தில் பள்ளிக்கூடங்கள் எழவில்லை. வீடு முன்னால் வந்தது. பள்ளிக்கூடம் பின்னால் வந்தது.

இரண்டு பக்கமும் நியாயம்

அரசாங்கத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாற்றில் வந்த வெள்ளத்தைச் சென்னை மக்கள் மறக்கமாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் மழை நீரும் சேர்ந்து கரையோர வீடுகளை மூழ்கடித்தன. உயிர் தப்பினால் போதும் என்று ஜனங்கள் ஓடினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குழந்தைகளை மறுபடியும் படுக்க வை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் மாற்றப்பட்டன.

அங்கே சிமெண்டுக் கூரை இருந்தது. மின்விளக்கு இருந்தது. ஆனால் மாதம் என்ன? டிசம்பர்! பள்ளிக்கூட ஆண்டின் நட்ட நடு மாதம். ஜூன் மாதத்தில் தொடங்கிய பாடம் பாதியில் நின்றது. வெள்ளத்தில் புத்தகம் போனது. பிறகு பள்ளிக்கூடமும் போனது.

வெள்ளம் சொல்லிவிட்டு வராது. ஆனால் குடிசை அகற்றும் உத்தரவு சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதற்குத் தேதி உண்டு. கோப்பு உண்டு. அதிகாரிகள் உண்டு. அப்படி இருந்தும் என்ன நடந்தது?

2022-ம் ஆண்டு மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி அந்த வேலை நடந்தது. அந்தத் துயரத்தில் ஒருவர் உயிரையே விட்டுவிட்டார். தமிழ்நாடே கலங்கியது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் பேசினார். அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்திலேயே வீடு கொடுக்கப்படும் என்றும், இனிமேல் மக்களைக் கலந்து பேசிய பிறகே இப்படிப்பட்ட காரியம் நடக்கும் என்றும் அறிவித்தார்.

அந்த ஆண்டு பிளஸ்-2 அரசுத் தேர்வு தொடங்கிய நாள் மே 5. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தொடங்கிய நாள் மே 6. மாநிலம் முழுவதும் பிள்ளைகள் பேனாவுக்கு மை பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஒரு தெருவில் சுவர்கள் விழுந்துகொண்டிருந்தன.

ஒரு மாதம் பொறுத்திருந்தால் கால்வாய் எங்கேயும் ஓடிப்போயிருக்காது!

ஒரு பெண்ணின் நாள்

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. அவளுக்குப் பெயர் வேண்டாம். அவளைப் போல ஆயிரம் பேர் உண்டு.

அம்மாவுக்கு மயிலாப்பூரில் நான்கு வீட்டு வேலை. வீடு பெரும்பாக்கத்துக்குப் போனாலும் வேலை மயிலாப்பூரிலேயே இருக்கிறது. அதனால் அம்மா விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுகிறாள். அப்பா அதற்குப் பிறகு புறப்படுகிறார். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வடித்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பது யார்? அந்தப் பெண்தான்.

பழைய பள்ளிக்கூடத்துக்கே போகலாம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்சில் நிற்க வேண்டும். மாணவர்களுக்கு அரசாங்க பஸ்சில் டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால் பஸ் நேரத்துக்கு வர வேண்டுமே! முதல் மணி அடித்த பிறகு போய் நிற்கிறாள். ஒரு நாள் வாத்தியார் பொறுத்துக்கொள்ளுவார். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுவாரா?

புதிய பள்ளிக்கூடத்தில் சேரலாம் என்றால், மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். அதை வாங்க அம்மா ஒரு நாள் வேலையை விட வேண்டும். வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. இன்று, நாளை என்று ஒரு மாதம் ஓடிவிடுகிறது.

ஒரு மாதம் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு, மறுபடியும் போகக் கூச்சமாக இருக்கிறது. பாடம் புரிவதில்லை. வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அவள் வீட்டில் இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆச்சு என்று வீட்டிலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டு போனால் கல்யாணப் பேச்சு வருகிறது. பையனாக இருந்தால் கடைக்கோ, பட்டறைக்கோ வேலைக்குப் போகிறான்.

யாரும் அந்தப் பிள்ளையைப் பள்ளியை விட்டுத் துரத்தவில்லை. ஆனாலும் படிப்பு நின்றுவிட்டது!

படிப்போடு வேறொன்றும் போகிறது. அதுதான் சாப்பாடு. காமராஜர் 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ம் ஆண்டு அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022-ம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இந்தச் சோறு எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும். பள்ளி வாசலைத் தாண்டாத பிள்ளையின் தட்டில் அது விழாது.

இரவில் தட்டிய கதவு

ஆதரவற்ற பிள்ளைகளைக் கைதூக்கிவிட்ட பெருமை இந்தச் சென்னைக்கு உண்டு. அதுவும் அடையாறுக்கும் தியாகராய நகருக்கும் நிறையவே உண்டு.

சுமார் 95 ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இரவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவை இளம் பெண்கள் சிலர் தட்டினார்கள். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அவர்கள். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று தப்பி வந்தவர்கள். அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டி எந்த விடுதியும் இடம் கொடுக்கவில்லை.

அந்த அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம்.

அவர் அந்தப் பெண்களுக்குச் சோறும் துணியும் மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. படிக்க வைத்தார். தொழில் கற்க வைத்தார். "இவர்களுக்கு ஒரு கூரை போதும்" என்று அவர் நினைத்திருந்தால், அவ்வை இல்லம் ஒரு சத்திரமாக இருந்திருக்கும். படிப்பும் வேண்டும் என்று நினைத்ததால் அது பள்ளிக்கூடமாக வளர்ந்தது.

தியாகராய நகரில், ஜி.என்.செட்டி ரோட்டில் பால மந்திர் இருக்கிறது. மஞ்சுபாஷிணி அம்மையார் 1949-ம் ஆண்டு அதைத் தொடங்கினார். காமராஜர் துணை நின்றார். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள், கைவிடப்பட்ட குழந்தைகள் எல்லாம் அங்கே வளர்ந்தார்கள். அங்கேயும் கூரையோடு பள்ளிக்கூடமும் சேர்ந்தே வந்தது.

இன்னொரு பெருமையும் உண்டு. குழந்தைகளைப் பாதுகாக்க என்று தனியாக ஒரு சட்டம் இந்தியாவிலேயே முதன் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அது 1920-ம் ஆண்டு!

கையில் பணம் குறைவாக இருந்த காலத்தில், பெரியவர்கள் அவ்வளவு செய்தார்கள். மெட்ரோ ரயில் ஓடுகிற இந்தக் காலத்தில், ஒரு பிள்ளையின் பெயரை ஒரு பள்ளிப் பதிவேட்டிலிருந்து இன்னொரு பள்ளிப் பதிவேட்டுக்கு மாற்ற முடியாதா?

லண்டன் செய்த காரியம்

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இரண்டாவது உலகப் போர் மூண்டது. லண்டன் நகரத்தின் மீது குண்டு விழும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பயந்தது. நகரங்களில் இருந்த பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அவர்களை எப்படி அனுப்பினார்கள்? பள்ளி பள்ளியாக அனுப்பினார்கள்! பிள்ளைகளோடு அவர்களுடைய ஆசிரியர்களும் ரயில் ஏறினார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் போதாவிட்டால், காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும், மாலையில் லண்டன் பிள்ளைகளும் முறை வைத்துப் படித்தார்கள்.

அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. தாயைப் பிரிந்து அழுத குழந்தைகள் ஏராளம். ஆனால் ஒரு பாடம் அதில் உண்டு. போர் நடக்கும்போதுகூட, பிள்ளை போகிற இடத்துக்குப் பள்ளியும் போக வேண்டும் என்று நினைத்தார்கள். போர் இல்லாத சென்னையில் அதைச் செய்வது கடினமா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

சட்டம் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. அது பல பெற்றோர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும், மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருக்க வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆகிறது என்று சொல்லி, பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே கொடுக்க வேண்டும். பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளி திறந்து மாதங்கள் ஆகிவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

இடம்பெயர்ந்து வருகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. மயிலாப்பூர் இருப்பது சென்னை மாவட்டம். பெரும்பாக்கம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்துக் கணக்கிலிருந்து பிள்ளையின் பெயர் போய்விடுகிறது. அந்த மாவட்டத்துக் கணக்கில் ஏறத் தாமதம் ஆகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவில் பிள்ளை தொலைந்துபோகிறது!

இன்னொரு குறையும் உண்டு. இந்தச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள்தான் வீடு மாறும்போது அதிகமாகத் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கை எட்டவில்லை. அரசாங்கத்தின் கைதான் எட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய பணம் வேண்டியதில்லை. நான்கு காரியங்கள் செய்தால் போதும்.

முதலாவது: உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய, பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது. கடைசித் தேர்வு முடிந்த பிறகு, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்பு அந்த வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது: வீடுகளை எண்ணும்போதே பிள்ளைகளையும் எண்ண வேண்டும். எத்தனை சுவர், எத்தனை கதவு என்று எழுதுகிற அதிகாரி, ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்றும் எழுத வேண்டும்.

மூன்றாவது: புதிய வீட்டுச் சாவியைக் கொடுக்கிற அன்றே, புதிய பள்ளியில் சேர்த்ததற்கான சீட்டையும் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். சான்றிதழுக்காகத் தாயை அலையவிடாமல், பள்ளியும் பள்ளியும் பேசிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ்-2 படிக்கிறவர்கள் பழைய பள்ளியிலேயே முடிக்க விரும்பினால், காலையிலும் மாலையிலும் தனி பஸ் விட வேண்டும்.

நான்காவது: முடிந்த இடத்தில் எல்லாம், குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும். இது புதிய யோசனை அல்ல. 1970-ம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மெரினா கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் எழுந்த அடுக்கு வீடுகள் அப்படி வந்தவைதான். 2021-ம் ஆண்டு வாரியத்தின் பெயர் மாறிவிட்டது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. பெயர் மாறலாம். பழைய நல்ல வழக்கம் மாற வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்தார் கடமை

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும், பெரும்பாக்கத்திலிருந்து வருகிற அம்மாக்கள் வேலை செய்யாத தெரு உண்டா? "குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது?" என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். சான்றிதழ் வாங்கப் போக வேண்டும் என்று சொன்னால், அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காமல் விடலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயதுக்கு முன்பு பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் குற்றம். அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பிள்ளைகளுக்காகவே ஏற்பட்ட எண் அது. இரவும் பகலும் எடுப்பார்கள். காசு கிடையாது. ஆதரவில்லாமல் தெருவில் நிற்கிற குழந்தையைக் கண்டாலும் அதே எண்தான். அப்படிப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம்.

கண்ணகி நகர் என்று சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கப் பதக்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி, கண்ணகி நகரில் வளர்ந்த பெண்!

அந்தப் பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. உழைப்புக்கும் குறைவில்லை. நடுவில் அறுந்துபோகாத ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால், இன்னும் எத்தனையோ பேர் மேலே வருவார்கள்.

ஆறு சுத்தமாக வேண்டும். கால்வாய் அகலமாக வேண்டும். நகரம் அழகாக வேண்டும். எல்லாம் சரி. அதற்காக ஓர் ஏழைக் குடும்பம் வீட்டை விட்டுக் கொடுக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை படிப்பையும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் அல்ல.

அடுத்த முறை லாரி வந்து நிற்கும்போது, பாயையும் குடத்தையும் ஏற்றுவதற்கு முன்னால் ஓர் அதிகாரி கேட்கட்டும்:

"இந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையில் பள்ளிக்கூடம் எங்கே?"

பதில் கிடைத்த பிறகு லாரி புறப்படட்டும்!